உயர்நிலைப் பள்ளிகளில் மனத்துக்கும் ஒரு பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், தேர்ச்சி விழுக்காட்டுச் செய்திகளுக்கு அருகே 104, 14416 ஆகிய மனநல உதவி எண்களை நாளிதழ்கள் தவறாமல் வெளியிடுகின்றன. மிகவும் தேவையான பணி அது; தொடர வேண்டும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று, தோல்வியையும் அவமானத்தையும் கோபத்தையும் எப்படித் தாங்குவது என்று முதன்முதலாகக் கேட்டறியும் இடம் மே மாதத்துத் தொலைபேசி அழைப்பாக இருக்கக் கூடாது. அந்தக் கல்வி ஒன்பதாம் வகுப்பின் ஜூன் மாதத்திலேயே வகுப்பறைக்குள் தொடங்க வேண்டும். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், சமூக, மனவெழுச்சிக் கற்றல் என்று கல்வியாளர்கள் அழைக்கும் இந்தப் பொருள் குறித்துச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கல்லூரி மாணவர்களையும் உள்ளடக்கிய எண்ணிக்கை இது. மகாராட்டிரம், தமிழ்நாடு, மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிகழ்ந்திருக்கிறது. தேர்வு பயம்தான் காரணம் என்று நாம் எளிதாக முடிவுகட்டிவிடுகிறோம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைப் பொறுத்தவரை குடும்பப் பிரச்சினைகளே முதன்மைக் காரணமாகப் பதிவாகின்றன. தேர்வுத் தோல்வி அதற்குப் பின்னரே வருகிறது. அதாவது, தேர்வுமுறையைத் திருத்துவதால் மட்டும் தீர்ந்துவிடாத சுமை ஒன்றைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். அதை இறக்கிவைக்க அவர்களுக்குப் பள்ளியில் இடமும் இல்லை, ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

இந்தக் கற்றலின் உள்ளடக்கம் மிக எளிமையானது. தன் மனநிலையைத் தானே அறிவது, அதைக் கட்டுக்குள் வைப்பது, அடுத்தவர் நிலையிலிருந்து பார்ப்பது, உறவுகளைப் பேணுவது, விளைவை எண்ணி முடிவெடுப்பது என்ற ஐந்து திறன்களை, 1994ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் இத்துறையில் இயங்கிவரும் கேசல் என்ற அமைப்பு வகுத்துத் தந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களும் பெரும்பாலும் இவற்றையே வேறு விதமாகச் சொல்கின்றன. ஆனால் பட்டியலைப் படித்துவிட்டால் இது விளங்கிவிடாது. வகுப்பில் நடப்பதைப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நான் பின்பற்றிய பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, இந்த வாரம் உங்களை மிகவும் வருத்திய ஒன்றை எழுதுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்பேன். முதல் சில வாரங்கள் ‘ஒன்றுமில்லை’ என்ற சீட்டுகளே மிகுதியாக வந்தன. பெயர் கேட்க மாட்டார்கள், கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்பிக்கை பிறந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ‘பஸ் பாஸ் இருந்தும் நடத்துநர் எல்லார் முன்னாலும் இறக்கிவிட்டார்.’ ‘அப்பா குடித்துவிட்டு வந்து என் புத்தகப் பையைத் தெருவில் எறிந்தார்.’ ‘அக்காவின் மார்க்கைச் சொல்லி என்னைத் திட்டுகிறார்கள்.’ ‘சார் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.’ இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும், அடுத்து என்ன செய்யலாம், யாரிடம் சொல்லலாம் என்று வகுப்பே பேசும். யாரும் அழ வேண்டியதில்லை, யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. மேசையை உதைத்துவிட்டு நிற்கும் ஒருவன், தனக்கு வந்திருப்பது கோபமா, அவமானமா, அல்லது நாளை என்ன ஆகுமோ என்ற அச்சமா என்று பிரித்தறிய அங்கேதான் கற்றுக்கொண்டான். உணர்வுக்குப் பெயரிட்டுச் சொல்லும்போது மூளையில் அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் உரிய அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிவதாக 2007இல் வெளியான மூளைப் படச் சோதனைகள் காட்டின. அந்த ஆய்வைப் பற்றி நான் பின்னாளில் படித்தேன். ஆனால் அதன் பொருளை வகுப்பறையில் முன்பே கண்ணால் பார்த்திருந்தேன்.

இத்தகைய முயற்சிகள் நம் நாட்டில் பெரும்பாலும் சிறு குழந்தைகளோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் என் முதல் கவலை. டெல்லி அரசு 2018 ஜூலையில் தலாய் லாமா முன்னிலையில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டம், தேர்வு இல்லாத அன்றாடப் பாடவேளையாகப் பலரது கவனத்தையும் ஈர்த்தது. ஆனால் அது மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் மட்டுமே. ஒன்பதாம் வகுப்பு முதல் தொழில்முனைவு மனப்பாங்கை வளர்க்கும் வேறொரு பாடத்திட்டம் அங்கே அறிமுகமானது. உணர்வுகளைக் கற்பது சின்னப் பிள்ளைகளுக்கு, வருங்காலப் பிழைப்பைக் கற்பது பெரிய பிள்ளைகளுக்கு என்ற பிரிவினை நம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. உண்மையில் பருவ வயதில்தான் இந்தத் தேவை உச்சத்தை அடைகிறது. பரபரப்பையும் நண்பர்களின் பாராட்டையும் தேடும் மூளைப் பகுதிகள் பதின்பருவத் தொடக்கத்திலேயே விழித்துக்கொள்கின்றன; நிதானித்து விளைவை எண்ணிப் பார்க்க உதவும் முன்மூளைப் பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த இடைவெளியில் நிற்கும் பிள்ளைக்குத்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும், பாடப்பிரிவுத் தேர்வும், முதல் காதலும், கைப்பேசியும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அதே சமயம், சிறு குழந்தைகளுக்குச் செய்வதையே பெரியவர்களுக்கும் செய்தால் பலன் கிடைக்காது. டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் யீகர் 2017இல் எழுதிய கட்டுரை ஒன்று, திறன்களைப் பாடமாக நேரடியாகச் சொல்லிக்கொடுக்கும் முறைகள் பதின்பருவத்தினரிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை என்பதை எடுத்துக்காட்டியது. தங்களை மதிக்கிறார்களா, தங்கள் கருத்துக்கு இடம் உண்டா என்பதையே அந்த வயது முதலில் பார்க்கிறது. பிரிட்டனில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களைக் கொண்டு நடந்து 2022இல் முடிவு வெளியான ஆய்வொன்றில், ஆசிரியர்களே நடத்திய மனக்குவிப்புத் தியான வகுப்புகள் வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பயன் எதையும் தரவில்லை. ஆகவே, கண்ணை மூடச் சொல்லிப் பத்து நிமிடம் தியானம் செய்யவைத்துவிட்டு மனநலக் கல்வி தந்துவிட்டோம் என்று கணக்குக் காட்டும் வழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றிவிடக் கூடாது. நீதிபோதனை வகுப்பு என்ற பெயரில் ஒழுக்கத்தைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றுவதும் அப்படித்தான். பதினைந்து வயதுப் பிள்ளை முதல் ஐந்து நிமிடத்திலேயே காதை மூடிக்கொண்டுவிடும்.

பெற்றோர்களின் அச்சம் ஒன்று உண்டு. அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் மதிப்பெண் குறையாதா என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் கேட்பார்கள். 213 பள்ளித் திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் உள்ளடக்கி 2011இல் வெளியான தொகுப்பாய்வு, இத்தகைய பயிற்சி பெற்ற மாணவர்களின் கல்வித் தேர்ச்சி, பெறாதவர்களைவிடச் சராசரியாகப் பதினொரு நூற்றுமானப் புள்ளிகள், அதாவது நூறு பேர் கொண்ட தரவரிசையில் ஏறத்தாழப் பதினொரு இடங்கள், உயர்ந்திருந்ததைக் காட்டியது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை தொடக்கப் பள்ளிகளில் நடந்தவை என்பதால் அந்த எண்ணை அப்படியே பத்தாம் வகுப்புக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மனத்துக்குச் செலவிடும் நேரம் பாடத்திலிருந்து பறித்த நேரம் என்ற வாதம் அந்த ஆய்வின் முன் நிற்காது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பீகாரில் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டின் கல்வித் துறையினரும் ஆசிரியர் சங்கங்களும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நாளந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் 75 தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு மட்டும் நடந்தது. இரண்டாவது பிரிவில், பள்ளியின் சூழலையே மாற்றுவதற்கான செயல்திட்டம் ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாவது பிரிவில், அதே செயல்திட்டத்துக்கென்று பள்ளிக்கு ஓர் ஆலோசகர் அமர்த்தப்பட்டார். அவர் மனநல வல்லுநர் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணர். காலைக் கூட்டத்தில் உரையாடல், சுவர் இதழ், மாணவர்கள் எழுதிப் போடும் பெட்டி, மாணவர் குழுக்கள், ஆசிரியர்களுக்கான பயிற்சி, தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை என்பவைதாம் செயல்திட்டம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் அளந்து 2018இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகள் வியப்பூட்டுபவை. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் வெகுவாக மேம்பட்டிருந்தது. மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியரே பொறுப்பேற்ற பள்ளிகளிலோ, வழக்கமான வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளைவிட மாற்றம் எதுவும் தென்படவில்லை.

ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் அநீதி. அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு ஒரு நாளில் என்னென்ன வேலை என்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும், விலையில்லாப் பொருள்களுக்குக் கணக்கு வைக்க வேண்டும், மெல்லக் கற்போருக்கு மாலையில் தனி வகுப்பு எடுக்க வேண்டும், திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் திருத்த வேண்டும், நூறு விழுக்காடு தேர்ச்சி ஏன் வரவில்லை என்று ஆய்வுக் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையில், காலையில் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று தான் கண்டித்த பிள்ளையிடமே மதியம், உன் வீட்டில் என்ன பிரச்சினை, என்னிடம் மனம்விட்டுப் பேசு என்றால் அது எப்படிப் பேசும்? மதிப்பெண் போடுபவரிடமும் தண்டிப்பவரிடமும் பிள்ளை தன் பலவீனத்தைச் சொல்லத் தயங்குவது இயல்பு. அந்த இரண்டு அதிகாரமும் இல்லாத ஒருவர் பள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பதே நாளந்தா ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். ஆயுஷ்மான் பாரத் பள்ளி நல்வாழ்வுத் திட்டம் 2020 முதல் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக நியமிக்கச் சொல்கிறது. நல்ல நோக்கம்தான், ஆனால் இருக்கும் ஆசிரியர் தலையில் இன்னொரு பொறுப்பைச் சுமத்தும் எந்தத் திட்டமும் தாளில்தான் நிற்கும் என்று அஞ்சுகிறேன்.

தமிழ்நாட்டில் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயரிட்டு மாணவர்களைக் கலந்து குழுக்களாக அமைக்கும் ‘மகிழ் முற்றம்’ 2024இல் தொடங்கப்பட்டது. என் பார்வையில் இது மிகவும் நல்ல அடித்தளம். வேறு வேறு வகுப்பு, வேறு வேறு தெருவைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே அணியில் சேர்ந்து தோற்கவும் வெல்லவும் பழகுவது, உறவுகளைப் பேணும் திறனுக்கு மிகப் பொருத்தமான பயிற்சி. ஆனால் பெட்டியை யார் திறக்கிறார், சீட்டை யார் படிக்கிறார், படித்த பின் அந்தப் பிள்ளையிடம் யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். ஆளில்லாத பெட்டியில் ஒரு முறை எழுதிப் போட்டுப் பதில் கிடைக்காத பிள்ளை, மறுமுறை எழுதாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் தடுக்க வந்த அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை நாம் மறந்திருக்க முடியாது. அதன் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம் போன்றவை பெரிதும் விவாதிக்கப்பட்டன. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தை உருவாக்க வேண்டும் என்றும், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு கட்டாயமாக வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னவை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கயிற்றை அறுத்துவிடலாம். கயிறு கட்டிக்கொள்ளத் தூண்டிய மனத்தோடு யாராவது வாரந்தோறும் பேசினால்தான் அது மறுபடி கட்டப்படாமல் இருக்கும். சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் காணொளிகள் பிள்ளைகளோடு நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கும்போது பள்ளி மட்டும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது சரியன்று. தென் மாவட்டப் பள்ளிகளில் பணியாற்றியவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: அடுத்தவர் நிலையிலிருந்து பார்க்கக் கற்பிக்கும் எந்தப் பாடமும், இங்கே சாதியைத் தொடாமல் நடக்குமானால் அது வெற்றுப் பாடம்.

சண்டைகளை நாம் தீர்க்கும் முறையைப் பாருங்கள். மிதிவண்டி நிறுத்துமிடத்தில் இரு மாணவர்கள் அடித்துக்கொண்டால், இருவரையும் தலைமையாசிரியர் அறைக்கு முன் நிறுத்துவோம். ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்போம். மாற்றுச் சான்றிதழைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவோம். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் வைப்போம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் இருவரை ஒரு முறை தனித்தனியாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, பிறகு எதிரெதிரே அமர்த்தி ஒருவன் சொன்னதை மற்றவன் தன் வாயால் திருப்பிச் சொல்லும்படி கேட்டேன். ‘நீ கேரியரை உடைத்ததற்காக நான் அடிக்கவில்லை. எங்கம்மா செய்யும் வேலையைச் சொல்லிச் சிரித்தாய்’ என்று ஒருவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முயன்ற மற்றவன், பாதியில் நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டான். உடைந்த கேரியரை அவர்கள் இருவருமே சேர்ந்து கடையில் கொடுத்துப் பற்றவைத்தார்கள். ஒரு பாடவேளைதான் செலவானது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. முறையான பயிற்சியும், அந்த ஒரு பாடவேளையை விட்டுக்கொடுக்கும் நிர்வாகமும் இருந்தால் போதும்.

பெரியவர்களின் நாவையும் இங்கே பேசியாக வேண்டும். விடைத்தாள் கொடுக்கும் நாளில் மதிப்பெண்ணை உரக்கப் படிப்பதும், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களைத் தனி வரிசையில் உட்காரவைப்பதும், ‘ஃபெயில் கேஸ்’ என்று அழைப்பதும் பல பள்ளிகளில் இன்றும் நடக்கின்றன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், மாணவர் மனநலத்துக்காகப் பதினைந்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பதும், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்துவைப்பதையும் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவதையும் தவிர்க்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். பிள்ளைகளுக்குச் சினம் அடக்கக் கற்பிக்கும் பள்ளியில் ஆசிரியர் அறையின் பேச்சும் மாற வேண்டும். யீகர் சொன்ன மதிப்பு என்பது வகுப்பறைச் சுவரொட்டியில் எழுதுவதால் வருவதன்று. பெயர் சொல்லி அழைக்கும் விதத்தில் வருவது.

அரசிடம் என் வேண்டுகோள்கள் சில. பள்ளி நல அலுவலர் பணியிடங்களை வரும் கல்வியாண்டிலேயே, முதற்கட்டமாகத் தென் மாவட்டங்களின் அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலாவது நிரப்ப வேண்டும். சமூகப் பணியிலும் உளவியலிலும் பட்டம் பெற்று வேலையின்றி இருக்கும் இளைஞர்கள் நம் மாநிலத்தில் ஏராளம். அவர்களைத் தேர்ந்தெடுத்து, பள்ளியில் நிலையாக இருக்கும்படி நியமிக்க வேண்டும். ஒருவரையே பத்துப் பள்ளிகளுக்கு அலையவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் அவர் முகம் பழகாது. அவருடைய அறை தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருக்கக் கூடாது; அங்கே போய்வரும் பிள்ளையை எல்லாரும் பார்க்கும்படி அமைந்தால் யாரும் போக மாட்டார்கள். பிள்ளை சொன்னதை யாரிடம் சொல்லலாம், எந்தச் சூழ்நிலையில் பெற்றோருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதற்கு எழுத்து வடிவில் விதி வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை கால அட்டவணையில் இடம்பெற வேண்டும். அதற்கு மதிப்பெண்ணோ தரநிலையோ கூடாது. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வதைப் போல, ஜனவரி பிறந்ததும் இந்தப் பாடவேளையையும் திருப்புதல் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இடம் தராதபடி ஆணையிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த நாற்பது நிமிடம் மிகவும் தேவைப்படுவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான அந்த மாதங்களில்தான்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.